படித்துக் காட்டாத பத்திரங்கள்

ஈரோட்டில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். முத்திரைத்தாளில் பேனாவால் எழுதிய காலத்தில் தொழிலுக்கு வந்தேன். பிறகு தட்டச்சு வந்தது. அதற்கும் பிறகு, கம்ப்யூட்டரில் பழைய பத்திரத்தைத் திறந்து பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றுகிற காலமும் வந்தது. அதுவரை அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். போலிச் சாட்சி வைத்ததில்லை. ஒருவர் சொத்தை இன்னொருவருக்குத் தெரியாமல் மாற்றி எழுதியதில்லை. ஊரில் எனக்குக் கெட்ட பெயர் கிடையாது. ஆனாலும் ஒரு பொய்யைத் தொழில் நடத்திய காலம் முழுக்க எழுதியிருக்கிறேன். எழுதியதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறேன்.

விடுதலைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. அப்பா சொத்தில் மகளுக்குச் சேரவேண்டிய பாகத்தை, உடன்பிறந்த ஆண்களுக்கு விட்டுக்கொடுத்ததாக அவள் எழுதித் தருவது. "எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி யாதொரு உரிமையும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்று அதில் ஒரு வரி வரும். பிறர் தூண்டுதல் இல்லாமல், நல்ல நினைவுடன், பத்திரத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு, முழுச் சம்மதத்துடன் கையெழுத்துப் போடுவதாகக் கடைசியில் ஒரு வரி வரும். அந்த "படிக்கச் சொல்லிக் கேட்டு" என்பது என் வேலை. கிரயம் வாங்க வந்த ஆண் ஒவ்வொரு எல்லையையும் இரண்டு தரம் படிக்கச் சொல்வார்; படிப்பேன். கையெழுத்துப் போட வந்த வயசான பெண்களுக்கு நான் படித்துக் காட்டவில்லை. "ஆத்தா, இந்தக் கோட்டுக்கு மேல போடுங்க" என்பேன். அவ்வளவுதான். அவர்களும் கேட்கவில்லை. கேட்க இடம் வைத்துப் பேசும் வழக்கம் எனக்கு இருக்கவும் இல்லை.

அவர்கள் பேசாமல் வந்து பேசாமல் போனவர்கள் அல்லர் என்பதுதான் என் குற்றத்தின் கனம். பதிவு அலுவலகத்தில் டோக்கன் கூப்பிட நேரமாகும். சர்வர் நின்றுபோகும். மகன்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். பெண்கள் என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள். எந்த வருசம் எந்தக் கிணறு தோண்டினது, பாறை வந்து நின்றது, யாருடைய தோடு அடகுக்குப் போனது, எந்தப் பஞ்சத்தில் எந்த மாடு விற்றது என்று ஒவ்வொன்றும் வரும். நான் தலை நிமிராமல், "கதையை அப்புறம் பேசிக்கலாம் ஆத்தா, ஆதார் கார்டு எடுங்க" என்பேன். நான் எழுதிக்கொண்டிருந்த சொத்தின் வரலாற்றைத்தான் அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது என் காதில் கதையாக விழுந்தது.

கைரேகை எடுக்கும்போது ஒன்று நடக்கும். இயந்திரத்தில் பெருவிரலை வைத்தால் ரேகை விழாது. துணியால் துடைத்து வைப்பார்கள், விழாது. "தலைமுடியில தேச்சுட்டு வைங்க" என்பார் அங்கே இருப்பவர். எண்ணெய்ப் பசை பட்டால் சில சமயம் விழும். மஞ்சள் அறுவடைக் காலத்தில் வேக வைத்த மஞ்சளைக் காயப்போட்டு, விரலி தனி, கிழங்கு தனி என்று பொறுக்கிய விரல்கள். தறியில் நூல் ஒட்டிய விரல்கள். பால் கறந்து, சாணி வழித்து, களை பறித்துத் தேய்ந்த விரல்கள். அந்த நிலத்தில் வேலை செய்ததாலேயே, அந்த நிலத்தை விட்டுக்கொடுக்கக்கூட ரேகை இல்லாமல் நின்றார்கள். பக்கத்தில் நின்ற அண்ணன் தம்பிகளில் பலருக்கு ஒரே தரத்தில் ரேகை விழுந்தது. இதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்கு அது டோக்கன் தாமதமாகும் தொல்லையாக மட்டும் பட்டது.

இந்தப் பெண்கள் ஏன் என் மேசைக்கு வர நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் அடுத்த மாநாடு 1930-இல் எங்கள் ஈரோட்டிலேயே நடந்தது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் அப்படியில்லை. அங்கே அப்பாவின் பாகத்துக்குள் மட்டுமே அவளுக்கு ஒரு துண்டு. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு அறுபது வருடம் கழித்து, 1989 மார்ச் 25 முதல், தமிழ்நாட்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்திலும் மகளை மகனுக்குச் சமமாக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேலியையும் எடுத்தது. அன்றைய தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. வேண்டியதில்லை, மகளுக்கு அது பிறப்புரிமை என்றது.

சட்டம் மகளுக்குப் பங்கு தரத் தரத்தான் என் மேசைக்கு விடுதலைப் பத்திரங்கள் அதிகம் வந்தன. முன்பு அவளைக் கேட்காமலே விற்றார்கள். பிறகு வாங்குபவரும் வங்கியும், "பொண்ணுங்க கையெழுத்து எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆக, பங்கு வந்த அன்றே அதை விட்டுக்கொடுக்கும் காகிதமும் தயாரானது. அந்தக் காகிதத்தைத் தயாரித்தவன் நான். 2025 ஏப்ரல் முதல், பெண் பெயரில் வாங்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. அதற்காக மனைவி பெயரில் எழுத வருகிறவர்களையும் இப்போது பார்க்கிறேன். அந்த மனைவிக்கும் யாரும் படித்துக் காட்டுவதாகத் தெரியவில்லை.

"கல்யாணத்துல பவுன் போட்டுச் சீர் செஞ்சாச்சு, அதுதான் அவ பங்கு" என்பார்கள் அண்ணன்மார். நானும் தலையாட்டுவேன். இந்தக் கணக்கைச் சரி பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். பழைய பத்திரங்கள் என் அலமாரியிலேயே இருந்தன. பவானிசாகர் அணை 1955-இல் முடிந்து, கீழ்பவானி வாய்க்கால் வருவதற்கு முன் இந்தப் பக்கத்து நிலத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் விளைந்தன, கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். வாய்க்கால் வந்து 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் கிடைத்தது. நெல்லும் கரும்பும் மஞ்சளும் வந்தன. பிற்பாடு ரோட்டோரம் சைட்டு போட ஆரம்பித்தார்கள். நிலம் எங்கேயோ போய்விட்டது. அன்றைக்குப் போட்ட பவுன் பெண்ணிடம் இருந்ததா என்றால், புருசன் வீட்டுக் கிணற்றுக்கும் மோட்டாருக்கும் மகன் படிப்புக்கும் போய்விட்டது. இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி. எந்த வக்கீலும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை. "பவுனு ஊட்டுக்கு ஊடு போகுமுங் தம்பி, பூமி போகாது. அதனாலதான் நமக்குப் பவுனைக் குடுத்துட்டு அவங்க பூமிய வெச்சுக்கறாங்க" என்றார். சிரித்தேன். பிறகு அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

பெருந்துறைப் பக்கத்து ஆத்தா ஒருவரின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாகப்பிரிவினைக்காக அண்ணன் தம்பிகளோடு வந்திருந்தார். அவர் கையெழுத்து ஒப்புக்குத்தான். நான் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லைகளை, ஆண்களுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வடபுறம் இன்னார் பூமி, கிழபுறம் தென்வடல் இட்டேரி என்று வந்தது. இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த தடம். எங்கள் பக்கத்தில் வண்டியும் ஆடும் மாடும் போய்வரும் பாதை. "இட்டேரி அங்க இல்லீங்க" என்றார் ஆத்தா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் விடவில்லை. "வாய்க்கா வெட்டறப்ப வேலியத் தள்ளி வெச்சாங்க. பழைய இட்டேரி வேப்ப மரத்துக்கு இந்தாண்ட. நாந்தான் அதுல ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போவேன்" என்றார். அண்ணன்காரர், "நீ கண்ணாலமாகிப் போயி எத்தனை வருசமாச்சு, உனக்கென்ன தெரியும்" என்றார். நான் அதையும் கேட்டுக்கொண்டு, பழைய பத்திரத்தில் இருந்தபடியே எழுதினேன். அந்த எல்லையை வைத்துப் பக்கத்துப் பூமிக்காரரோடு தகராறு வந்து, வழக்காகி, வருடக் கணக்கில் இழுத்தது. கடைசியில் சர்வேயர் புலப்படத்தை வைத்துச் சங்கிலி போட்டு அளந்தபோது, பழைய தடம் வேப்ப மரத்துக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. அன்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால், இரண்டு குடும்பம் கோர்ட்டுக்கு அலைந்திருக்காது. அதில் ஒரு பங்காளி வழக்குச் செலவுக்கே பூமியில் ஒரு பகுதியை விற்றார். அந்தக் கிரயத்தையும் நான்தான் எழுதினேன்.

எல்லையை ஆண்கள் பத்திரத்திலிருந்து தெரிந்துகொண்டார்கள். பெண்கள் நடந்து தெரிந்துகொண்டார்கள். ஆடு ஓட்டியவரும் தண்ணீர் சுமந்தவரும் களைக்கு ஆள் கூட்டிப் போனவரும் அவர்கள்தான். எந்தப் புன்செய்யில் எந்த மூலையில் ஊற்று, எந்த வருடம் கிணறு வற்றியது, பொதுக் கிணற்றில் யாருக்கு வாரத்தில் எந்த நாள் தண்ணீர் என்பதையெல்லாம் பெண்களைக் கேட்டு எழுதியிருந்தால் என் பத்திரங்கள் இன்னும் உறுதியாக இருந்திருக்கும். இது இரக்கத்தில் சொல்வதல்ல. தொழிலில் நான் செய்த பிழையைத்தான் சொல்கிறேன்.

அடுத்ததைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. பவானிப் பக்கம் ஜமுக்காளத் தறியில் வாழ்நாளைக் கழித்த ஒரு அம்மா. புருசன் சீக்கிரம் போய்விட்டார். குழித்தறியில் உட்கார்ந்து, நெய்த கூலியில் மிச்சம் பிடித்து, ஓட்டு வீடு ஒன்றைத் தன் பெயரில் வாங்கியிருந்தார். அதை மகனுக்கு செட்டில்மென்ட் எழுத வந்தார். மகன் பக்கத்திலேயே நின்றான். எல்லாம் முடிந்து பிரிண்ட் எடுக்கப் போகும்போது அந்த அம்மா சொன்னார்: "ஏனுங் தம்பி, கடைசி மட்டும் எனக்குச் சோறு போட்டு வெச்சுக் காப்பாத்தோணும்னு அதுல ஒரு வரி எழுதிப் போடுங்க." மகன் முகம் சுருங்கியது. "ஏம்மா, எம் மேல நம்பிக்கை இல்லியா?" என்றான். நான் மகனைப் பார்த்துச் சிரித்தேன். "பெத்த பையன் பார்க்காம யாருங்க பார்ப்பாங்க, அதையெல்லாம் பத்திரத்துல எழுதுவாங்களா" என்றேன். அம்மாவும் சிரித்துவிட்டு அடங்கிவிட்டார்.

எழுதுவார்கள். எழுத வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. அதன் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. நிபந்தனை இருக்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். சட்டப் புத்தகம் படிக்காத அந்த அம்மா, சட்டம் கேட்கிற அதே வரியைக் கேட்டார். சட்டம் தெரிந்த நான், கூலி கொடுக்கிறவன் முகம் சுருங்குகிறதே என்று அதை விட்டுவிட்டேன். குறைந்தபட்சம், ஆயுள் உள்ளவரை வீட்டில் குடியிருக்கும் உரிமையையாவது தக்கவைத்து எழுதியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. சில வருடத்தில் வீடு கைமாறியது. அந்த அம்மா மகள் வீட்டுத் திண்ணைக்குப் போனார். ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டியபோது, "அந்த வரி இதில் இல்லையேம்மா" என்று சொன்னாராம். 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததாகக் காட்டினால்தான் 23-ஆம் பிரிவு உதவும் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோர் நலனை மனத்தில் வைத்து இந்தச் சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதற்கெல்லாம் முன்பே அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. சந்தையில் ஒருமுறை எதிர்ப்பட்டபோது, "நல்லா இருக்கீங்களா தம்பி" என்றுதான் கேட்டார்.

அப்படியானால் இந்தப் பெண்கள் விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டார்களா? வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் மனசாட்சிக்கு அது வசதியாக இருந்தது. அதையும் ஒரு கிழவிதான் உடைத்தார். "எல்லாம் தெரிஞ்சுதான் போடறேன். பொறந்த ஊட்டு வாசப்படி அடையாம இருக்கோணும்" என்றார். பேத்தி காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். பெரியவளானால் மாமன் சீர் வேண்டும். நாளைக்குத் தான் செத்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி வந்து உடம்பில் விழ வேண்டும். பூமியைக் கேட்டால் இவ்வளவும் நின்றுபோகும். ஒரு பக்கம் ஏக்கர் கணக்கு, இன்னொரு பக்கம் தன் மகள், பேத்தி வரைக்குமான உறவுக் கணக்கு. இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கணக்கு நியாயமானதா என்று கேட்டால், இல்லை. பாகத்தைக் கேட்ட அண்ணனுக்கு உறவு அறுந்துபோவதில்லை, கேட்ட தங்கைக்கு மட்டும் அறுகிறது. இதற்குப் பெயர் முழுச் சம்மதம் என்று எழுதினேன் பாருங்கள், அதுதான் பொய். அவர்கள் ஏமாறவில்லை. வேறு வழி விடப்படாத இடத்தில், இருப்பதில் நல்லதைத் தேர்ந்தார்கள். "பிறர் தூண்டுதல் இன்றி" என்று எழுதும்போது அந்தப் பிறர் என் மேசைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கொங்கு மண்ணில் இது புதுக் கதையும் இல்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வந்தது. புருசனை இழந்த ஒரு பெண் குடும்பப் பூமியில் பங்கு கேட்டால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதுதான் அந்த நாவல். நான் அதைப் படித்திருந்தேன், ரசித்தும் இருந்தேன். மேடையில் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும், பங்கு கேட்க வந்த ஒரு நாகம்மாளை, "குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்குங்க ஆத்தா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கிழவிகளிடம் எதைக் கேட்பது என்பதிலேயே நமக்கு ஒரு கோணல் இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்ற விவசாயி இருந்தார். 2021-இல் நூறு வயது தாண்டிய நிலையில் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024 செப்டம்பரில் மறைந்தார். விருது வந்தபோது அவர் என்ன சாப்பிடுகிறார், எதில் பல் தேய்க்கிறார், பிரியாணி பிடிக்குமா என்பதுதான் எல்லாரும் கேட்ட கேள்வி. சின்ன வயதில் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர், மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தி, அந்த வருமானத்தில் தன் பெயரில் நிலம் வாங்கினார். காரமடை ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்தார். ஒரு பெண் அந்தக் காலத்தில் தனக்கென்று பூமி வாங்கியது எப்படி, யார் தடுத்தார்கள், யார் கூட நின்றார்கள் என்பதை அவரிடம் கேட்டிருக்கலாம். பக்கத்து மாவட்டத்தில் இருந்த நானும் போய்க் கேட்கவில்லை. பேப்பரில் படித்துவிட்டு, "வெந்நீர் குடிச்சா நூறு வயசு இருக்கலாம் போல" என்று வீட்டில் சொன்னேன்.

ஈரோட்டின் பெருமைகளைப் பேசும்போது 1921-இன் கள்ளுக்கடை மறியலைச் சொல்லாமல் இருக்க மாட்டோம். பெரியார் சிறைக்குப் போனதும் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். கண்ணம்மாள் பிற்பாடு 'குடிஅரசு' இதழின் பதிப்பாளராக இருந்து, 1933 இறுதியில் அந்தப் பத்திரிகையில் வந்த தலையங்கத்துக்காக அண்ணனோடு கைதானார். நாகம்மையார் அதே வருடம் மே மாதம் மறைந்தார். இவர்களைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி பெரியாரும் அவர் வரலாற்றை எழுதியவர்களும் சொன்னது. மறியலுக்கு முதல் நாள் இரவு அந்த வீட்டுச் சமையலறையில் இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைத்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. கோவையில் பிறந்த எழுத்தாளர் அம்பை, 1988-இல் மும்பையில் தோழிகளோடு சேர்ந்து 'ஸ்பாரோ' என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்ல, குரலாகவும் படமாகவும் பதிந்து வைக்கிற வேலை அது. நானும் ஆவண எழுத்தன்தான். என் எதிரில் தினமும் பெண்கள் வந்து வாழ்க்கையைச் சொன்னார்கள். எனக்கு அதை ஒரு நோட்டில் குறித்துவைக்கக்கூடத் தோன்றவில்லை.

இனி என் வீட்டுக் கதை. என் அக்கா என்னைவிட மூத்தவர், என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவர். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தினார்கள்; நான் படிக்க வேண்டும் என்பதற்காக. எங்களுக்கு வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் பூமி. அக்காவுக்கு 1989-க்கு முன்பே கல்யாணம். ஆகவே அவருக்குப் பூர்வீகத்தில் பங்கு இல்லை என்று அண்ணனும் நானும் நிம்மதியாக இருந்தோம். 2005 திருத்தத்துக்குப் பிறகு வங்கிக் கடனுக்குப் போனோம். "உங்க அக்கா கையெழுத்து வேணும்" என்றார்கள். நானே டைப் செய்தேன். வேறு யாரிடமாவது எழுதியிருந்தால்கூட அவர் ஒருவேளை அக்காவுக்குப் படித்துக் காட்டியிருப்பார். நான் படித்துக் காட்டவில்லை. அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாஞ் சரியா எழுதியிருக்கியா சாமி?" "சரியா இருக்குது அக்கா" என்றேன். எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் பெயரைப் போட்டார். அன்று மத்தியானம் அவருக்கு ஹோட்டலில் சாப்பாடும் ஒரு புடவையும் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

தொழிலை விட்ட பிறகுதான் அவரிடம் உட்கார்ந்து பேசினேன். அரிசிம்பருப்பு சாதம் வைத்துப் போட்டார். அந்தப் பூமியில் அவர் சிறுமியாகச் செய்த வேலைகளைச் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரியாத ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தது. வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த காலத்தை அம்மா சொல்லக் கேட்டு வைத்திருந்தார். அப்பாவுக்கு இருந்த கடன், அதை அம்மா யாரிடம் எதை அடகு வைத்து அடைத்தார் என்பது, அண்ணனுக்கும் தெரியாதது, அக்காவுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் நான் அந்தப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "விடுதலைப் பத்திரம்னு எனக்கு அப்பவே தெரியும். நீ படிச்சுக் காட்டியிருந்தாலும் போட்டுத்தான் இருப்பேன். படிச்சுக் காட்டியிருக்கலாமில்ல?"

என் பங்கில் ஒரு பகுதியை அக்கா பெயருக்கு செட்டில்மென்ட் எழுதுகிறேன் என்று அன்று சொன்னேன். முத்திரைக் கட்டணம் எவ்வளவு, பதிவுக் கட்டணம் எவ்வளவு என்று என்னைவிடத் தெரிந்தவர் குறைவு. எழுத எனக்கு ஒரு காலை நேரம் போதும். இதுவரை எழுதவில்லை. பையன் யோசிக்கிறான், பட்டா மாறுதல் பாக்கி, வைகாசி போகட்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அக்கா கேட்பதில்லை. கேட்காதவர்களிடம் இழுத்தடிப்பது எவ்வளவு சுலபம் என்று தொழிலில் கற்றதை வீட்டிலும் செய்துகொண்டிருக்கிறேன். இதைப் பழைய குற்றம்போல் எழுதினால் அதுவும் ஒரு பொய்ப் பத்திரமாகிவிடும். அதனால் நடப்பதை நடப்பதாகவே சொல்கிறேன்.

வயசான பெண்களின் வாழ்க்கையிலிருந்து கற்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். தாலாட்டையும் கைவைத்தியத்தையும் பச்சைப்புளி ரசத்தையும் கேட்டுக்கொள்கிறோம். அவை கொடுப்பதால் நமக்கு ஒன்றும் குறைவதில்லை. கிணறு யார் காசில் தோண்டினது, உன் தோடு எங்கே போனது, இந்தக் காகிதத்தில் உனக்குச் சம்மதமா என்று கேட்டால் பதில் நம் பையைத் தொடும். நான் தவிர்த்தது அந்தக் கேள்விகளைத்தான்.

இதைப் படிக்கிற ஆண்களுக்கு, அதிலும் கையெழுத்துக்காக அக்காவையோ தங்கையையோ அம்மாவையோ அழைத்துப் போகப் போகிறவர்களுக்கு, அனுபவத்தில் சொல்கிறேன். பத்திர நகலை ஒரு வாரம் முன்பே அவர்கள் கையில் கொடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில், அவர்களுக்கு நம்பிக்கையான ஒருவரை வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எல்லையைப் பற்றியும் கிணற்றுப் பாத்தியத்தைப் பற்றியும் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பங்கு வேண்டும் என்றால் கொடுங்கள். கொடுத்த பிறகும் காதுகுத்துக்கு மடியில் உட்கார வையுங்கள், சீர் செய்யுங்கள். அம்மா எழுதிக் கொடுக்கும் சொத்தில் பராமரிப்பு நிபந்தனையும் ஆயுள் உரிமையும் இல்லாமல் பத்திரம் முடிக்காதீர்கள். பத்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: "படிக்கச் சொல்லிக் கேட்டு" என்று எழுதினால், படித்துக் காட்டுங்கள். ஒரு பத்திரத்தைப் படிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.